சொல்லிக்குடுக்கிறவருக்கு எவ்வளவு நீச்சல் தெரியணும்? சேர்மாதேவி பக்கம் ஒரு கோடை வகுப்போட முழுக் கதை

2024 சித்திரை மாசம், வகுப்பு ஆரம்பிச்ச ரெண்டாம் நாள், ஒரு பையனோட ஆச்சி படித்துறையில என்னைத் தனியா கூப்பிட்டு கேட்டாங்க. "ஏய்யா, அந்த அண்ணாச்சி நீந்துறதப் பாத்தியா, தலையத் தூக்கிக்கிட்டு தவளை போற மாதிரி போறாவ. இந்தப் பக்கம் அந்தத் தம்பி கெண்டை மீன் கணக்கா போறான். எம் பேரனை மட்டும் ஏன்யா அவருகிட்ட விட்டிருக்கிய?"

நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. ஆச்சி கேட்டதுல தப்பும் இல்ல, நானும் என் பிள்ளைய ஒரு வாத்தியாருகிட்ட விடுறதுக்கு முன்னால அவருக்கு விஷயம் எவ்வளவு தெரியும்னுதான் முதல்ல விசாரிப்பேன். மறுநாளே பையனைத் தம்பிகிட்ட மாத்திவிட்டோம். அதுக்கப்புறம் நடந்ததையெல்லாம் அன்னைக்கு அன்னைக்கே நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அதை வச்சுத்தான் இதை எழுதுதேன். நீச்சல் சொல்லிக்குடுக்கிற யாருக்காவது, ஏன் கபடி, சிலம்பம், சைக்கிள் எது சொல்லிக்குடுக்கிறவங்களுக்கும் பிரயோஜனப்படும்னு நினைக்கேன்.

முதல்ல வகுப்பைப் பத்தி. நாங்க நாலு பேரு சேந்து 2022ல இருந்து சேர்மாதேவிக்கு மேக்க உள்ள மூணு ஊர் பிள்ளைகளுக்கு கோடை லீவுல 21 நாள் நீச்சல் வகுப்பு நடத்துதோம், பீஸ் கிடையாது. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தாமிரபரணி வத்தாத ஆறுன்னு பெருமையா சொல்லுதோம், பாபநாசத்துல இறங்குனதுல இருந்து எட்டு அணைக்கட்டு, அதுல இருந்து வாய்க்கா, வாய்க்காலுக்கு மடை, எங்க திரும்பினாலும் தண்ணி, ஆனா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்ல பாதிக்கு மேல நீச்சல் தெரியாது, முன்னால மாதிரி மாமாவோ சித்தப்பாவோ இடுப்புல சுரைக்குடுக்கையக் கட்டி கிணத்துல தள்ளிவிடுற காலம் போயிட்டு. ஆத்துல வெளியே பாத்தா முழங்கால் தண்ணியா இருக்கும், ரெண்டு எட்டு வச்சா கசம். மணல் அள்ளின குழி வேற. உலக சுகாதார நிறுவனம் 2021ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி செத்திருக்காங்கன்னு கணக்கு சொல்லுது. அதுல பாதிக்குப் பக்கம் இளவயசுக்காரங்க. ஒவ்வொரு கோடை லீவுலயும் பேப்பர்ல வர்ற செய்தி நமக்குத் தெரிஞ்ச ஊர் பேரோட வரும்போது அந்த நம்பர் வேற மாதிரி தெரியும்.

சொல்லிக்குடுக்க ரெண்டு பேரு. ஒருத்தர் தம்பி, 26 வயசு, மாநில அளவுல 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தினவர், நாலு வயசுல டவுன்ல ஒரு நீச்சல் குளத்துல ஆரம்பிச்சவர். அவரு நீந்தும்போது தண்ணி தெறிக்காது, சத்தம் வராது, கரையில துணி துவைக்கவங்க கூட கையை நிப்பாட்டிட்டு பாப்பாங்க, நானும்தான். அதுல மயங்காம இருக்க முடியாது.

இன்னொருத்தர் எங்க லஸ்கர் அண்ணாச்சி. 61 வயசு. பொதுப்பணித்துறையில கால்வாய் லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவர், மடை திறக்குறது அடைக்கிறது, கரை உடைப்பு பாக்குறது, அதான் சோலி. சொந்த ஊரு சங்கரன்கோவில் பக்கம் வானம் பாத்த பூமி, வேலைக்குச் சேரும்போது நீச்சலே தெரியாது. ஒருநாள் மடைகிட்ட கால் வழுக்கி உள்ள போயி, ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் கம்பை நீட்டி இழுத்துப் போட்டிருக்காரு. அதுக்கப்புறம்தான், 34 வயசுல, ஒரு கார் நெல் பருவம் முழுக்க லாரி டியூப்பைப் போட்டுக்கிட்டு வாய்க்கால்ல தானா கத்துக்கிட்டிருக்காரு. இன்னைக்கும் அவருக்குத் தெரிஞ்சது தலை தூக்கின நீச்சலும் மல்லாக்க மிதக்குறதும்தான். ஆச்சி சொன்ன தவளை சரியான வார்த்தை.

பையன்

11 வயசு. அவங்க வீடு ஏரல் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆளுங்களோட மாட்டி நின்ன அதே வெள்ளம். அன்னைக்கு ராத்திரி இந்தப் பையன் வீட்டுக்குள்ள தண்ணி அவன் கழுத்து வரைக்கும் வந்திருக்கு, அவங்க அப்பா தோள்ல தூக்கி மச்சுக்கு ஏத்தியிருக்காரு, விடிய விடிய மழையிலயே உக்காந்திருக்காங்க. நாலு மாசம் கழிச்சு கோடை லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வந்திருக்கான், ஆச்சிதான் இந்தப் பயம் வளரவிடக்கூடாதுன்னு கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு அந்த ஆச்சி மேல பெரிய மரியாதை.

3ம் நாள்ல இருந்து 8ம் நாள் வரைக்கும் தம்பிகிட்ட. ஒண்ணு தெளிவா சொல்லணும், தம்பி கோபக்காரர் கிடையாது, பிள்ளைகளை அதட்டினதே இல்ல, அவ்வளவு பொறுமை. படியைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள வைன்னு சொல்லுவாரு. பையன் கன்னத்தை உப்ப வச்சு மூச்சை அடக்கிக்கிட்டு ரெண்டு செகண்டு வச்சிட்டு இருமிக்கிட்டே எழும்புவான். தம்பி செஞ்சு காட்டுவாரு, தாமரை இலை மாதிரி தண்ணி மேல படுத்துக் காட்டுவாரு. பையன் வாயைப் பொளந்து பாப்பான், பாத்துட்டு இன்னும் ஒரு படி மேல ஏறி நிப்பான். எனக்கு அது முதல்ல புரியல. அவ்வளவு அழகா ஒருத்தர் செஞ்சு காட்டும்போது பிள்ளைக்கு ஆசைதானே வரணும்? 7ம் நாள் அவன்கிட்ட கேட்டேன், சொன்னான், "அண்ணனுக்கு வருது மாமா, எனக்கு வராது, அண்ணன் வேற மாதிரி." அழகு அவனைப் பக்கத்துல கூப்பிடல, தூரத்துல நிப்பாட்டிட்டு.

8ம் நாள் தம்பி அவனை முதுகுல கை குடுத்து மல்லாக்கப் படுக்க வச்சாரு. கழுத்து கடப்பாரை மாதிரி நிக்கி, தலை மேல வர வர இடுப்பு கீழ போவுது, இடுப்பு கீழ போவ போவ பையன் தம்பி கழுத்தைக் கட்டிக்கிடுதான். "ரிலாக்ஸ் ஆகுடா, ரிலாக்ஸ்" னு திரும்பத் திரும்ப சொன்னாரு. சாயங்காலம் டீக்கடையில நான் தம்பிகிட்ட கேட்டேன், நீங்க மிதக்கும்போது உடம்புல என்ன செய்றீங்க, படிப்படியா சொல்லுங்கன்னு. ரொம்ப நேரம் யோசிச்சாரு. டீ ஆறிட்டு. "தெரியலண்ணே, படுத்தா மிதக்கும்." உண்மையான பதில். நாலு வயசுல கத்துக்கிட்ட ஒண்ணை, அது எப்படி வந்துச்சுன்னு 26 வயசுல எங்க போயி தேடுவாரு? 2001ல சயான் பைலாக், தாமஸ் கார்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கோல்ஃப் ஆட்டக்காரங்களை வச்சு இதைப் பாத்திருக்காங்க. நல்ல ஆட்டக்காரங்களுக்கு பந்தை எப்படி உருட்டணும்னு பொதுவா கேட்டா நீளமா சொல்ல வருது, ஆனா இப்ப அடிச்சியே அந்த ஒரு அடியில என்ன செஞ்சன்னு கேட்டா புதுசா கத்துக்கிறவங்களை விட ஞாபகம் கம்மியா இருக்கு. கைக்குப் பழகினது மனசுல இருந்து அழிஞ்சிருது. தம்பிக்கு நடந்தது அதுதான்னு நினைக்கேன்.

9ம் நாள்ல இருந்து

ஆச்சிகிட்ட பேசி திரும்ப அண்ணாச்சிகிட்ட விட்டோம். அண்ணாச்சி அவனை ஆத்துக்கே கூட்டிட்டுப் போகல. ஒரு வாழைத் தோட்டத்துல பம்புசெட் தொட்டி, மூணரை அடி ஆழம், பையனுக்கு நெஞ்சு வரைக்கும்தான் வரும். அதுலயும் இறக்கல. தொட்டிக்கு வெளியே உக்கார வச்சு, முன்னால ஒரு அலுமினியப் போணியில தண்ணி, கையில பப்பாளி இலைத் தண்டு. ஊதுலே. அவ்வளவுதான் முதல் நாள் பாடம். பையன் குமிழி விட்டு விளையாடுனான், அரை மணி நேரம். மறுநாள் தண்டு இல்லாம வாயாலயே. அதுக்கு மறுநாள் முகத்தை வச்சு "ம்ம்ம்" னு பாட்டுப் பாடணும், பாட்டு நிக்கவும் முகத்தை எடுக்கணும். நான் பக்கத்துல நின்னு பாக்கேன், என்னடா இது சின்னப்பிள்ளை விளையாட்டா இருக்கேன்னு கொஞ்சம் பதட்டமாவே இருந்துச்சு, 21 நாள்ல பாதி ஓடிட்டு, பையன் இன்னும் தொட்டிக்குள்ள கால் வைக்கல. ஆனா கவனிச்சுப் பாத்தா விஷயம் இருக்கு, ம்ம்ம்னு முனகும்போது மூக்கு வழியா காத்து வெளிய போய்க்கிட்டே இருக்கும், காத்து வெளிய போற வரைக்கும் தண்ணி உள்ள ஏறாது. தம்பி "மூச்சைப் பிடிச்சுக்கோ" ன்னு சொன்ன இடத்துல அண்ணாச்சி "மூச்சை விடு" ன்னு சொன்னாரு. பயந்தவன் ஏற்கனவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கான், அவனை இன்னும் பிடின்னா நெஞ்சு இறுகத்தான் செய்யும்.

12ம் நாள் நடந்ததுதான் எனக்கு இந்த முழுக் கதையிலயும் முக்கியமான நாள். தொட்டிக்குள்ள இறங்கி நின்னவன்கிட்ட அண்ணாச்சி சொன்னாரு, "ஏல, மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு முங்கு, முங்கி அடியில சம்மணம் போட்டு உக்காரு பாப்போம்." பையன் முங்குனான், உக்கார முடியல, மேல வந்துட்டான். திரும்ப முங்குனான், தரையைக் கையால பிடிக்கப் பாத்தான், குண்டி மேல வந்துட்டு. நாலு தடவை. அஞ்சாவது தடவை சிரிச்சுக்கிட்டே எழும்பினான், "உக்காரவே விட மாட்டேங்குது தாத்தா!" அண்ணாச்சி அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்காரு. "தண்ணி ஆளை உள்ள இழுக்காதுலே, தூக்கத்தான் பாக்கும். ஓடுற தண்ணி இழுக்கும், அது வேற, அது உங்க வீட்டுக்கு வந்துச்சே அது. ரெண்டையும் ஒண்ணா நினைக்காத."

நெஞ்சு நிறைய காத்து இருந்தா நம்ம உடம்போட அடர்த்தி நல்ல தண்ணியை விட ஒரு பொட்டு கம்மி, அதான் விஷயம், பள்ளிக்கூடத்துல ஆர்க்கிமிடிஸ்னு படிக்கிறது. ஆனா அதைப் பாடமா சொல்லியிருந்தா பையன் நம்பியிருக்க மாட்டான். வெள்ளத்தையும் அவரு மறைக்கல, பயப்படாத ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்லல, எதுக்குப் பயப்படணும் எதுக்கு வேண்டாம்னு பிரிச்சுக் குடுத்தாரு. அது நீச்சல் தெரிஞ்சதால வந்த அறிவு இல்ல, ஒருதடவை முங்கி எழும்பினதால வந்தது.

15ம் நாள் ஆத்துக்கு. படித்துறையை ஒட்டி தண்ணி நிக்கிற இடம், மேல மருத மரம் கவிஞ்சு நிக்கும். மல்லாக்கப் படுக்க வச்சு, "மரத்து உச்சியில ஒரு காஞ்ச கொப்பு தெரியுதா, அதைப் பாத்துக்கிட்டே இரு" ன்னாரு. தலையை இறக்குன்னு சொல்லல, கழுத்தைத் தளர்த்துன்னு சொல்லல, ரிலாக்ஸ்னும் சொல்லல. உச்சியைப் பாக்கணும்னா தலை தானா பின்னால சாயணும், தலை சாஞ்சா இடுப்பு தானா மேல வரும். வந்துட்டு. அண்ணாச்சி கையை எடுத்தது பையனுக்கே தெரியல.

இந்த இடத்துல எனக்கு ஒரு பழைய ஆராய்ச்சி ஞாபகம் வந்துச்சு. 1998ல கேபிரியல் வுல்ஃப்னு ஒரு அம்மாவும் கூட இருந்தவங்களும் ஸ்கீ சிமுலேட்டர்ல, அதாவது பனியில வழுக்கிப் போற ஸ்கீ விளையாட்டு மாதிரியே அசையுற ஒரு கருவியில, ஆட்களை நிக்க வச்சு பாத்தது. அதுல நின்னுக்கிட்டு பலகையை இடமும் வலமும் தள்ளணும். ஒரு கூட்டத்துக்கு உன் காலைக் கவனின்னு சொன்னாங்க, இன்னொரு கூட்டத்துக்கு காலுக்கு அடியில உள்ள சக்கரத்தைக் கவனின்னு. கிட்டத்தட்ட ஒரே இடம்தான், ஆனா உடம்புக்கு வெளிய உள்ள சக்கரத்தைக் கவனிச்சவங்க நல்லா கத்துக்கிட்டாங்க. அண்ணாச்சி அதைப் படிச்சிருக்க மாட்டாரு. கழுத்துன்னு சொன்னா கழுத்து இன்னும் இறுகும்னு அவரு கழுத்துக்குத் தெரியும், அவ்வளவுதான்.

19ம் நாள் எட்டு கை போட்டான். 21ம் நாள் முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு ஒரு 12 மீட்டர், அசிங்கமான நீச்சல்தான், காலு அங்கயும் இங்கயும் போவுது, ஆனா மூச்சு ஒழுங்கா விடுதான். ஆச்சி படியில நின்னு முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க.

அண்ணாச்சிகிட்ட பிறவு கேட்டேன், அவன் தயார்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு. பிடரியில கையை வச்சுக் காட்டினாரு. "எனக்கு 34 வயசுல பயம் இங்கனதான் இருந்துச்சு. பயந்தவன் மூஞ்சியைப் பாக்கக்கூடாது, அது பொய் சொல்லும். பிடரியைப் பாக்கணும்."

ஸ்கீ வாத்தியாருங்க சண்டை

இதே கேள்வியை வச்சு பனிமலை நாடுகள்ல ரொம்ப நாளா ஒரு வாக்குவாதம் இருக்கு. என் சித்தப்பா மகன் காஷ்மீர்ல குல்மார்க்குல போயி பதினாலு நாள் ஸ்கீ கோர்ஸ் முடிச்சிட்டு வந்தவன், அவன் சொல்லித்தான் நான் தேடிப் பாத்தேன். ஐரோப்பாவுல பிரான்ஸ் மாதிரி ஆல்ப்ஸ் பக்கத்து நாடுகள்ல முழுத் தகுதியுள்ள ஸ்கீ வாத்தியார் ஆகணும்னா யூரோடெஸ்ட்னு ஒரு ரேஸ் பாஸ் பண்ணணும். ஜயண்ட் ஸ்லாலம் ஓட்டம், சரிவுல நட்ட கம்பங்களை வளைஞ்சு வளைஞ்சு தாண்டி இறங்குறது, ரேஸ் ஆளுங்களை வச்சுக் கணக்குப் போட்ட ஒரு அடிப்படை நேரம் இருக்கும், அதை விட ஆண்கள் 18 சதவீதத்துக்குள்ள, பெண்கள் 24 சதவீதத்துக்குள்ள வந்து சேரணும். சின்ன வயசுல இருந்து ரேஸ் ஓடாதவங்களுக்கு லேசுல நடக்காது. அமெரிக்காவுல வேற முறை, மூணு லெவல், ஸ்கீ ஓட்டுறதையும் சோதிப்பாங்க, சொல்லிக்குடுக்கிறதையும் சோதிப்பாங்க, முதல் லெவல்காரர் புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக்குடுக்கலாம்.

யூரோடெஸ்ட் பக்கம் நிக்கவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. செங்குத்தான சரிவு, உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கிற பனி, அதுல கூட வந்தவன் தப்பா போயிட்டா வாத்தியார் அவனுக்கு முன்னால போயி நிக்கணும், அந்த நேரத்துல தன் காலைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்க முடியாது. எதிர்ப்பக்கம் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, வர்றவங்கள்ல பெரும்பாலும் ஸ்கீ முனை ரெண்டையும் சேத்து வச்சு மெதுவா இறங்குற ஸ்னோபிளவ்ல நிக்கவங்க, அவங்களுக்கு ரேஸ் டைம் எதுக்கு? எங்க சித்தப்பா மகன், பனியையே அன்னைக்குத்தான் முதல்ல பாத்தவன், அவனுக்கு அங்க உள்ள வாத்தியார் முதல்ல ஒரே ஒரு ஸ்கீயை மட்டும் மாட்டிக்கிட்டு சமதரையில நடக்க விட்டிருக்காரு. ஒரு காலு வழுக்கும், ஒரு காலு நிக்கும். வழுக்குறதுன்னா என்னன்னு பாதிப் பாதியா பழகிக்கிடலாம். போணியும் பப்பாளித் தண்டும் மாதிரியே எனக்குப் பட்டுச்சு.

விளையாட்டு வாத்தியாருங்களை எடுத்துக்கிட்டாலும் ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. சச்சினை வளத்த ரமாகாந்த் அச்ரேகர் ஆடின முதல்தர மேட்ச் ஒண்ணே ஒண்ணு. பி.டி. உஷாவோட கோச் நம்பியார் விமானப்படையில ஓடினவர், இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டியில ஓடினதில்ல, ஆனா 1985ல துரோணாச்சாரியார் விருது முதல்முதலா குடுத்தப்ப வாங்கினவங்கள்ல ஒருத்தர். இந்தப் பக்கம் பேட்மிண்டன் கோபிசந்த், 2001ல ஆல் இங்கிலாந்து பட்டம் ஜெயிச்சவர், அவருதான் சாய்னாவையும் சிந்துவையும் உருவாக்கினது. அப்போ பெரிய ஆட்டக்காரனா இருக்கிறது தடையும் இல்ல, கட்டாயமும் இல்ல. இதோட நிறுத்தியிருந்தா அண்ணாச்சிக்கு ஒரு மாலையைப் போட்டுட்டு போயிருப்பேன். ஆனா அதே 21 நாள்ல இன்னும் ரெண்டு விஷயம் நடந்துச்சு.

அண்ணாச்சி விட்ட இடம்

13 வயசுப் பொம்பளைப்பிள்ளை ஒருத்தி, முந்தின வருஷம் அண்ணாச்சிகிட்ட கத்துக்கிட்டவ. பயம்னா என்னன்னே தெரியாது, நல்ல வேகம். பள்ளிக்கூடத்துல மாவட்டப் போட்டிக்குப் போகணும்னு ஆசை. ஆனா அவ நீச்சல் அண்ணாச்சி நீச்சல், தலை தூக்கியே இருக்கும், மூச்சுக்கு முகத்தைத் திருப்பாம முன்னாலயே தூக்குவா, ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் காலு ஒரு சாண் இறங்கும். அண்ணாச்சிக்கு அது தப்புன்னு தெரியல, தெரிய வழியும் இல்ல. "நல்லாத்தான போறா" ன்னாரு.

தம்பி ரெண்டு தடவை அவளை நீந்தச் சொல்லிப் பாத்துட்டு, கரையில இருந்தே சொன்னாரு, "இடது கை உள்ள போகும்போது கட்டைவிரல் முதல்ல போவுது, மூச்சு எடுக்கும்போது வலது கை கீழ அமுக்குது, தண்ணியைப் பின்னால தள்ளல." எனக்கு ஒரு மண்ணும் தெரியல, நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். போன்ல மெதுவா ஓட்டிப் பாத்த பிறவுதான் தெரிஞ்சுது, அச்சு அசலா அவரு சொன்னதுதான். நாலு நாள்ல அவ முகத்தைப் பக்கவாட்டுல திருப்பி மூச்செடுத்தா. இங்க தம்பி செஞ்சு காட்டினது வேலை செஞ்சுது, அவளுக்கு அந்த அழகு தூரமா தெரியல, அவ உடம்பு அதைக் குடிச்சுக்கிட்டு. ஒரே செய்முறை, ஒரு பிள்ளையைப் படியேற வச்சுது, இன்னொரு பிள்ளையை இறங்க வச்சுது. பழகின தப்பைத் திருத்துறதுக்கு பழக்குறதை விட அதிக நாளாகும், ஒரு வருஷம் அண்ணாச்சி முறையில போயிட்டதால அவளுக்கு இன்னைக்கும் அவசரத்துல தலை தூக்கும். அதுக்கு நான்தான் பொறுப்பு, அவளை முந்தின வருஷமே தம்பிகிட்ட மாத்தியிருக்கணும்.

ரெண்டாவது விஷயம் 17ம் நாள். எழுதவே கை நடுங்குது. காலையில ஏழு மணி, பிள்ளைக 18 பேர், நான் தலை எண்ணுற ஆள். எண்ணிட்டேன்னு நினைச்சேன். ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் கயிறு கட்டின எல்லையைத் தாண்டி பாசி வழுக்கி கசத்துப் பக்கம் போயிட்டான். சத்தமே இல்ல. சினிமாவுல வர்ற மாதிரி கை ஆட்டி கத்துறது எல்லாம் நிஜத்துல பெரும்பாலும் நடக்காது, மூச்செடுக்கவே வாய் மேல வரமாட்டேங்கும்போது எங்க இருந்து கத்துறது, வாய் தண்ணி மட்டத்துல மேலயும் கீழயும் போகும், கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணியை அமுக்கும், அப்படி ஒரு நிமிஷத்துக்குள்ள உள்ள போயிருவாங்க. கரையில நின்ன அண்ணாச்சிதான் முதல்ல பாத்தாரு. "அந்தப் பய சிரிப்பு நின்னுட்டு, தம்பி அங்க!" ன்னு கையை நீட்டினாரு. தம்பி ஓடி வந்து பாய்ஞ்சாரு, 15 மீட்டர் இருக்கும், நான் ஒரு மூச்சு விட்டு இன்னொரு மூச்சு எடுக்கிறதுக்குள்ள பையனைப் பின்பக்கமா பிடிச்சுட்டாரு. ரெண்டு வாய் தண்ணி குடிச்சிருந்தான், ஒண்ணும் ஆகல. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வந்தோம்.

அன்னைக்கு ராத்திரி அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில உக்காந்து அவரே சொன்னாரு, "நான் மட்டும் இருந்திருந்தா பாத்துக்கிட்டுதான் இருந்திருப்பேன்." 61 வயசு, தலை தூக்கின நீச்சல், பிள்ளைகிட்ட போறதுக்குள்ள என்ன ஆயிருக்கும்னு நான் யோசிக்க விரும்பல. அதனால வாத்தியாருக்கு நீச்சல் சுமாரா தெரிஞ்சா போதும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தொட்டியில போதும். ஆத்தங்கரையில போதாது. யூரோடெஸ்ட் வச்சவங்க பேச்சு எனக்கு முழுசா புரிஞ்சது அன்னைக்குத்தான்.

அதுக்காக வேகம் எல்லாத்தையும் தீத்துரும்னும் இல்ல. 2009ல பிரேசில் நீச்சல் வீரர் சீசர் சியேலோ 50 மீட்டரை 20.91 செகண்டுல நீந்தினாரு, கணக்குப் போட்டா செகண்டுக்கு ரெண்டரை மீட்டர் கூட இல்ல. மடை திறந்துவிட்ட வாய்க்காலோ வெள்ளம் வந்த ஆறோ அந்த வேகத்துல வந்தா உலகத்துலயே வேகமான ஆளும் எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது, சாய்ஞ்சு கரையைப் பாத்துத்தான் போகணும். இதைத் தம்பிக்குச் சொல்லிக்குடுத்தது அண்ணாச்சி. நீச்சல் குளத்துல தண்ணி ஓடாது.

என்ன மாத்தினோம்

தம்பி பயிற்சி எடுத்த குளம் ஒழுங்கான குளம், அவரு கோச் யாரும் அவருக்கு சொல்லிக்குடுக்கிறது எப்படின்னு சொல்லித்தரல, அது அவரு தப்பில்ல. வகுப்பு முடிஞ்ச பிறவு அவரே வந்து கேட்டாரு, எனக்கும் அந்தப் பையன் மாதிரி ஆளுங்களுக்கு சொல்லிக்குடுக்கணும்ணே, என்ன செய்யன்னு. அண்ணாச்சி ஒரே ஒரு வேலைதான் குடுத்தாரு. தம்பி எப்பவும் வலது பக்கம் மூச்சு எடுக்கிறவர், ரெண்டு மாசம் இடது பக்கம் மட்டும் எடுக்கணும். முதல் வாரம் தம்பி தண்ணி குடிச்சாரு. அந்த நீச்சலுக்கு அப்படி ஒரு தடுமாற்றம் வரும்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கல. மூணாவது வாரம் என்கிட்ட சொன்னாரு, "அண்ணே, இடது பக்கம் திரும்பும்போது எனக்கு கழுத்து இறுகுது, திரும்புறதுக்கு முன்னாலயே மூச்சைப் பிடிச்சுக்கிடுதேன்." நாலு வயசுக்கு அப்புறம் முதல் தடவையா அவருக்கு தண்ணிக்குள்ள கழுத்துன்னு ஒண்ணு இருக்கிறது தெரிஞ்சுது. 2025 வகுப்புல அவரு வாயில இருந்து ரிலாக்ஸ்ங்கிற வார்த்தை வந்து நான் கேக்கல. "அந்தப் பாறையைப் பாத்து ஊது" ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.

இப்ப புதுசா வர்ற பிள்ளைக எல்லாம் முதல் பத்து நாள் தொட்டியில அண்ணாச்சிகிட்ட. 25 மீட்டர் நிக்காம நீந்தினா அன்னைக்கே தம்பிகிட்ட, ஒருநாள் கூட தள்ளிப்போடுறதில்ல. தம்பி கரையில இல்லைன்னா ஆத்து வகுப்பு கிடையாது, காய்ச்சலா இருந்தாலும் சரி கல்யாணமா இருந்தாலும் சரி. தலை எண்ணுறதுக்கு ரெண்டு பேர், பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை, சத்தமா. இதெல்லாம் செஞ்சும் 2025ல ஒரு பிள்ளை ஆறாம் நாள் நின்னுட்டா, அண்ணாச்சி முறையும் எடுக்கல, தம்பி முறையும் எடுக்கல. அவங்க வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன். இந்த வருஷமும் கூப்பிடப் போறேன்.

ஏரல் பையன் 2025லயும் லீவுக்கு வந்தான், நல்லா வளந்துட்டான். மூணாம் நாள் தொட்டிப் பக்கம் போனா அவன் வெளிய குத்தவச்சு உக்காந்திருக்கான், எதுக்க ஒரு புதுப் பையன், நடுவுல அதே அலுமினியப் போணி. "பிடிக்காதலே, விடு. ம்ம்ம்னு சொல்லிக்கிட்டே விடு" ன்னு சொல்லுதான். அவனுக்கே அப்ப 25 மீட்டர் முழுசா வராது. அண்ணாச்சி வரப்புல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு, ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்ததும் பையன் எழுந்துட்டான், நான் சொல்லிக்குடுக்கலாமா மாமான்னு கேட்டான். போணியிலயும் தொட்டியிலயும் சொல்லிக்குடு, ஆத்துப் படியில இறங்குன அன்னைக்கு தம்பி அண்ணன் பக்கத்துல நீயும் பிள்ளைகளோட பிள்ளையா நில்லுன்னு சொன்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டு திரும்ப உக்காந்து, புதுப் பையன் பிடரியில கையை வச்சுப் பாத்தான்.